விசாகத்தன்று ஆத்தூரில் பால் காய்ச்சினோம்

மாலை ஐந்து இருபத்திரண்டு. துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரிடம் பில் எழுதுகிறவன் நான். எது நடந்தாலும் முதலில் மணியைப் பார்க்கிற பழக்கம் அந்த வேலையில் வந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்து ஆத்தூர் கடைத்தெரு நிறுத்தத்தை நெருங்கியது, வேகத்தைக் குறைத்தது, பிறகு நிற்காமலே போய்விட்டது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. பின்பக்கத்து ஜன்னல் ஒன்றில் நீலத் தாவணியின் ஓரம் தெரிந்த மாதிரி இருந்தது.

அந்தப் பேருந்தில் என் மகள் வரவேண்டும்; நீலத் தாவணி அவள் பள்ளிச் சீருடை. அவளுக்கு வயது பதினான்கு. வாழ்க்கையில் அவள் தனியாக ஏறிய முதல் வெளியூர்ப் பேருந்து அது.

அன்றைக்கு அவள் ஏன் தனியாக வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை.

தூத்துக்குடியில் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் குடியிருந்தோம். பெரிய கோவிலின் மணி காதில் விழுகிற தெரு. வீட்டுக்காரர் சங்கு வியாபாரி. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு அவர் குடும்பத்துக்குச் சங்குதான் தொழில். முற்றத்தின் ஒரு மூலையில் எப்போதும் சங்கு குவிந்து கிடக்கும். கடல்காற்று திரும்பினால் அதன் வீச்சம் எங்கள் சமையலறை வரைக்கும் வரும். என் மகள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தாள். வாடையெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கீழ்வீடு அவர்களுக்கு வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மனுஷர் ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்து, அரைமணி நேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கேட்டு விஷயத்தை வாங்க வேண்டியிருந்தது.

வேறு வீடு பார்த்தேன். தூத்துக்குடியில் என் சம்பளத்துக்கு அகப்பட்ட வீடுகளில் ஒன்றில் ஜன்னல் இல்லை. இன்னொன்றில் ஜன்னல் இருந்தது, தண்ணீர் இல்லை. அப்போதுதான் அலுவலகத்தில் ஒருவர் ஆத்தூரைச் சொன்னார். தாமிரபரணி கடலில் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சின்ன ஊர். வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னையும். வாடகை, நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததில் பாதிகூட இல்லை. அதற்கு மூன்று அறையும் பின்னால் ஒரு கிணறும்.

என் மனைவி ஆற்றங்கரைக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. பருப்பு வேகவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக் கிணற்று உப்புத்தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் கல் மாதிரியே கிடக்கும். லாரித் தண்ணீர் வருகிற நாளில்தான் எங்கள் வீட்டில் சாம்பார். ஆத்தூர் வீட்டைப் பார்க்கப் போனபோது அவள் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மகள் இருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறாள். அந்த வருஷம் ஒன்பதாவது. அந்தப் பள்ளியை அவளிடமிருந்து பிடுங்கினால் எதைக் கொடுத்து ஈடுகட்டுவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆத்தூருக்கு வீடு மாற்றினால் தினமும் பேருந்தில் போய்வர வேண்டும். காலையில் நான் கூட வருவேன். மாலையில் முடியாது. கப்பல் வந்து நிற்கிற நாளில் நான் வீடு திரும்பும் நேரத்தைக் கப்பல்தான் முடிவு செய்யும். ஆகவே சாயங்காலம் அவள் தனியாக வந்தாக வேண்டும். அவளால் முடியுமென்றால் ஆத்தூர்; முடியாதென்றால் ஜன்னல் இல்லாத அந்த வீடு. இதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி. அவளிடம் கேட்டால், "நீங்க பாத்து செய்யுங்க" என்றாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குக் கோபம் என்று பெயர்.

முடிவு செய்ய எனக்கு இரண்டு மாசம் தேவைப்பட்டது. நாட்காட்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வைகாசியை விட்டால் ஆனியில் குடி போகக்கூடாது, ஆடியில் கூடவே கூடாது, ஆவணி வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மகன் கல்யாணம் ஆனியில். எனவே நானும் மனைவியும் சேர்ந்து ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தோம். நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சி வைத்துவிடுவோம், போவதா வேண்டாமா என்பதை அப்புறம் சாவகாசமாக முடிவு செய்வோம். பால் காய்ச்சிய வீட்டுக்குப் போகாமல் இருந்தால் உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நாள் பார்த்தது நான். நாங்கள் பெருமாள் கோவில் ஊர்க்காரர்கள், நாமம் போடுகிற குடும்பம். வைகாசி விசாகம் என்றால் எங்களுக்கு ஆழ்வார் திருநட்சத்திரம், அவர் பிறந்த நாள். எங்கள் ஊரில் அன்றைக்கு இருக்கிற கோலாகலம் தீபாவளிக்குக்கூடக் கிடையாது. அதைவிட நல்ல நாள் எது என்று நினைத்தேன். ஆத்தூர் வீட்டின் சொந்தக்காரர் வெற்றிலைக் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவரிடம் நாளைச் சொன்னேன்.

"விசாகத்தன்னைக்கா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"விசாகத்தன்னைக்கேவா?"

நாளின் சிறப்பை வியக்கிறார் என்று நினைத்து நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

அன்று காலை நானும் மனைவியும் முதல் பேருந்தில் ஆத்தூர் போனோம். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அவளுக்குத் திருப்தி. அதோடு நிற்காமல், கொண்டுவந்திருந்த பருப்பில் ஒரு கைப்பிடி போட்டு வேகவைத்தாள். சிறிது நேரத்தில் "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். கரண்டியில் எடுத்து நசுக்கிக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மகளுக்கு அன்று கணக்குத் தேர்வு. விடுப்பு எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டாள். பள்ளி விட்டதும் நான் போய் அழைத்து வருகிறேன் என்றேன். மனைவி வேண்டாம் என்றாள். எப்படியும் ஒரு நாள் தனியாக வந்து பார்க்கத்தானே வேண்டும், அது அன்றைக்கே இருக்கட்டும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. முந்தின நாளே மகளுக்கு ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். நாலு இருபது பேருந்து. ஓட்டுநருக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். யாரோடும் பேசக் கூடாது. யார் எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஆத்தூரைத் தவிர வேறு எந்த ஊரிலும், என்ன நடந்தாலும், இறங்கக் கூடாது. கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தேன்.

பேருந்து நிற்காமல் போனதும் அந்த இரண்டு கோடும்தான் கண் முன்னால் வந்தது. என் மகள் சொன்னதைக் கேட்கிற பெண். என்ன நடந்தாலும் இறங்காதே என்று எழுதினால் இறங்க மாட்டாள்.

அண்ணாச்சியின் கடை நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஓடினேன். நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கி, வாழைச்சருகு விரித்த கூடைகளில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிற்கவில்லை என்றேன். அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"இன்னைக்கு விசாகம்லா சார். திருச்செந்தூருக்கு ஊரே திரண்டு போகுது. எந்த பஸ் இங்கன நிக்கும்?"

அப்போதுதான் சாலையைப் பார்த்தேன். மத்தியானத்திலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன், என் கண்ணில் அது பட்டிருக்கிறது, மூளைக்குப் போகவில்லை. பச்சையும் காவியும் கட்டிக்கொண்டு, தலையில் பால்குடத்தோடு, தோளில் காவடியோடு, கைக்குழந்தைகளோடு, சாலையை அடைத்துக்கொண்டு தெற்கே போகிற கூட்டம். விசாகம் முருகனுக்கும் உரியது. அது எனக்குத் தெரியாதா என்றால் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், பதினோரு வருஷமாக இந்தக் கரையில் இருக்கிறேன். ஆனால் நாள் பார்க்க உட்கார்ந்தபோது எங்கள் கோவிலைத் தவிர வேறு கோவில் என் நினைவுக்கு வரவில்லை.

"ரெண்டு தடவ கேட்டேன் சார்" என்றார் அண்ணாச்சி.

கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "நாமக்காரங்க கண்ணுக்கு முருகன் தெரிய மாட்டாரு போல ஏளா" என்றாள். அவள் வேண்டுமென்று என் காதில் விழும்படி சொல்லவில்லை. விழுந்தது. அண்ணாச்சி அதட்டியதும் பேச்சு நின்றது.

கடையில் தொலைபேசி இருந்தது. பள்ளிக்கு இணைப்புக் கேட்டுப் பதிவு செய்தோம். கிடைக்க இருபது நிமிடம் ஆனது. எடுத்த கன்னியாஸ்திரி நிதானமாக, பிள்ளைகள் எல்லாரும் நாலு மணிக்கே போய்விட்டார்கள் என்றார். என் மகள் பேருந்து நிலையத்துக்குத்தான் போனாளா என்று கேட்டேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? பிரார்த்தனை செய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். பிரார்த்தனை செய்கிற அளவுக்கு நிலைமை போய்விட்டதா என்று தோன்றியது.

ஆக, ஜன்னலில் நான் பார்த்தது அவள் தாவணிதான் என்றால், திருச்செந்தூரில் அந்த ஜனக்கடலுக்கு நடுவே இறங்கியிருப்பாள். இல்லையென்றால், ஏற இடம் கிடைக்காமல் தூத்துக்குடியில் நிற்கிறாள். எது தேவலை என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே தாங்க முடியவில்லை. திருச்செந்தூருக்குப் போகலாமென்றால், அவள் அடுத்த பேருந்தில் இங்கே வந்து இறங்கினால் என்ன செய்வது? நிறுத்தத்திலேயே நின்றேன். ஆறே காலுக்குள் ஐந்து பேருந்து போனது. ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொன்றின் ஜன்னலிலும் நீலத் தாவணி தெரிந்தது. இன்றைக்கும் எந்த ஊரிலாவது ஒரு பேருந்து வேகத்தைக் குறைத்துவிட்டு நிற்காமல் போனால் என் கண் அதன் ஜன்னல்களைத்தான் தேடுகிறது.

அண்ணாச்சி கடையைப் பெண்களிடம் விட்டுவிட்டுத் தன் மொபெட்டை எடுத்தார். நான் கேட்கவில்லை. நீலத் தாவணி, இரட்டைச் சடை, இடது கன்னத்தில் மச்சம் என்று அடையாளம் கேட்டுக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கமாகப் போனார். பால் காய்ச்சிய உறவு தவிர அவருக்கும் எங்களுக்கும் வேறு உறவு கிடையாது. அதுவும் அரைகுறையாகக் காய்ச்சிய பால் என்பது அவருக்குத் தெரியாது.

விளக்கேற்றுகிற நேரத்தில் மனைவி நிறுத்தத்துக்கு வந்தாள். பெண்ணுக்குக் காப்பி போட்டு வைத்துவிட்டு, ஏன் இன்னும் காணவில்லை என்று பார்க்க வந்திருக்கிறாள். சொன்னேன். என் மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன்; நாள் பார்த்தவன் நான்தானே. அவள் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் கை என் சட்டைக் கையைப் பிடித்திருப்பதை உணர்ந்தேன். நடுத்தெருவில் அவள் என்னைத் தொட்டது அதுவே முதல் தடவை.

"தனியா வரட்டும்னு நாந்தானே சொன்னேன்" என்றாள்.

நான் அடுத்த பேருந்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் பார்த்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் மொபெட்டின் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சாலைக்கே ஓடினோம். அண்ணாச்சி தனியாகத்தான் வந்தார். பின் இருக்கை காலி. ஆறுமுகநேரி தாண்டி வண்டியை உருட்டக்கூட முடியவில்லை, கூட்டம் அப்படி இருக்கிறது, அங்கே இருக்கிற தண்ணீர்ப் பந்தல்களில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். தலை முழுக்கப் புழுதி. அவர் கடைப் பெண்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். என்னைக் கேலி செய்த பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தாள்.

மனைவி அதைக் குடிக்கவில்லை. "வேண்டாங்க" என்றாள். தண்ணீரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"இந்த ஊரு வேண்டாம். சன்னல் இல்லாத வீடே போதும். புள்ள கண்ணு முன்னால இருப்பா. பால் காய்ச்சுனது காய்ச்சுனதா இருந்துட்டுப் போகட்டும். நான் உப்புத்தண்ணியில பொங்கிக்கிடுதேன்."

அண்ணாச்சி நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. "மொதல்ல புள்ள வரட்டும்மா. வீடு எங்கன ஓடிரப் போகுது" என்றார். நானும் மனசுக்குள் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். காலையில் அந்தப் பருப்பை நசுக்கிக் காட்டியவள் வாயால் அதைக் கேட்டபோது, ஒரே பெண்ணைத் தொலைத்த வேதனைக்கு நடுவிலும் எனக்கு அவளுக்காகத் தனியாக வலித்தது.

ஏழே கால் இருக்கும். எல்லாரும் தெற்கே போய்க்கொண்டிருந்த சாலையில், ஒரே ஒரு ஆள் வடக்கே வருவது தெரிந்தது. கூட்டம் அந்த இடத்தில் பிரிந்து வழி விட்டு மறுபடி சேர்ந்துகொண்டது. யாரோ, "ஏளா, கோயிலு அந்தப் பக்கம் இருக்கு, நீ எங்க போற?" என்று கேட்டார்கள். சிரிப்புச் சத்தம் வந்தது. தோளில் புத்தகப் பை. ஒரு சடை அவிழ்ந்திருந்தது. கையில் செருப்பு, வார் அறுந்தது. நெற்றி நிறையத் திருநீறு.

மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டப் போய் அந்த நெற்றியைப் பார்த்தாள். ஏழு தலைமுறையாக நாமம் போடுகிற வீட்டுப் பெண் நெற்றியில், காது வரைக்கும் பூசிவிட்ட திருநீறு. துடைக்கப் போனவள், துடைக்காமல் அந்தக் கன்னத்தையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் கடை வாசலில் இருந்த ஒரு வெற்றிலைக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். நாலு இருபது பேருந்தில்தான் ஏறியிருக்கிறாள். ஆத்தூரில் நிற்காது என்று நடத்துநர் பாதி வழியில்தான் சொன்னார். ஆறுமுகநேரியில் யாரோ மயங்கி விழுந்து வண்டி நிற்க, அந்தச் சந்தடியில் இவளும் இறங்கிவிட்டாள். நான் எழுதிக் கொடுத்த தாளை அங்கேயே கிழித்துப் போட்டாளாம். திரும்பி வருகிற வண்டிகளும் நிற்காது என்று தெரிந்ததும் நடக்க ஆரம்பித்திருக்கிறாள். வழியில் நாலு பந்தலில் மோர் குடித்தாள், ஒன்றில் பானகம். ஒரு பந்தலில் ஆள் குறைவாக இருக்கிறது என்று கொஞ்ச நேரம் இவளையே மோர் ஊற்றச் சொல்லிவிட்டார்களாம். அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி மொபெட்டில் கடந்து போயிருக்க வேண்டும்; திரும்பி வரும்போது இருட்டில், கூட்டத்துக்கு நடுவில் அவள் தெரிந்திருக்க மாட்டாள். திருநீறு பூசிவிட்டது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நிறையப் பேர் பூசினார்கள் என்றாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, நீ பயப்படாதே என்றாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கூடை மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். இரண்டு மாசமாக என்னிடம் ஒழுங்காகப் பேசாத பெண்.

"அப்பா, தூத்துக்குடில நாலு அம்பதுக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள். "ஆறுமுகநேரியோட முடிஞ்சிரும், திருச்செந்தூர் போகாது. கூட்டமே இருக்காதாம். அங்கன பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்ட்ட கேட்டுட்டேன். இங்க வந்த பொறவு நான் அதுலதான் வருவேன். நீங்க மட்டும் ஸ்டாப்புல வந்து நிக்கக் கூடாது."